டெல்டா வயலில் வங்காள நடவுக் குழு: ஆள் பஞ்சம் எப்படி உருவானது?

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் நடவுக் காலம் வந்தால் இப்போதெல்லாம் ஒரு செய்தி தவறாமல் வருகிறது. மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் குழுவாக வந்த ஆண்கள் வயலில் இறங்கி நாற்று நடுகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி, வேகமாக முடித்து, அடுத்த வயலுக்குப் போய்விடுகிறார்கள். செய்தி வந்ததும் இரண்டு விளக்கங்கள் கிளம்புகின்றன. ஒன்று, நூறு நாள் வேலையும் ரேஷன் அரிசியும் வந்த பிறகு நம் ஆட்கள் சேற்றில் இறங்க மறுக்கிறார்கள் என்பது. இன்னொன்று, வெளியூர்க்காரர்கள் நம் ஆட்களின் வேலையைப் பறிக்கிறார்கள் என்பது.

இரண்டும் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் பார்க்கின்றன. காவிரியில் தண்ணீர் வரும் தேதி மாறியது, அதனால் விவசாய வேலையின் காலம் மாறியது, அதனால் ஊரில் யார் தங்க முடியும் என்பது மாறியது. வங்காளக் குழு அதற்கெல்லாம் பிறகு வந்தது. ஆகவே தண்ணீரிலிருந்தே தொடங்க வேண்டும்.

நெல்லின் காலக் கணக்கு

டெல்டாவில் ஆள் தேவை ஆண்டு முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. பட்டத்தோடு, அதாவது பயிர்ப் பருவத்தோடு, ஏறி இறங்கும்.

1. குறுவை: ஜூனில் தொடங்கி செப்டம்பர், அக்டோபரில் அறுவடைக்கு வரும் குறுகிய காலப் பயிர். ஆற்று நீரையோ போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரையோ நம்பியது.
2. சம்பா: ஆகஸ்ட் வாக்கில் நாற்று விட்டு, பெரும்பாலும் ஜனவரியில் அறுக்கும் நீண்ட காலப் பயிர். தொடக்கத்துக்கு ஆறு, அப்புறம் வடகிழக்குப் பருவமழை.
3. தாளடி: குறுவை அறுத்த அதே வயலில் நடும் இரண்டாம் பயிர்.

நடவுக்கு ஒரு கெடு உண்டு. சம்பா நாற்று நாற்றங்காலில் ஏறக்குறைய ஒரு மாதம்தான் தாங்கும். அதைத் தாண்டி முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டுவது (பக்கக் கிளை விடுவது) குறையும், மகசூலும் குறையும். மறுபக்கம், அக்டோபர் பிற்பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் பயிர் வேர் பிடித்து எழுந்து நின்றால்தான் வயலில் தேங்கும் தண்ணீரைத் தாங்கும்.

ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வந்தால் இந்தக் கெடு யாரையும் பெரிதாக நெருக்காது. தண்ணீர் முதலில் வரும் தலைமடையில் தொடங்கும் நடவு, கடைசியில் போய்ச் சேரும் கடைமடை வரை வாரக்கணக்கில் மெதுவாக நகரும். ஒரு ஊரில் நடவு முடித்த பெண்கள் பக்கத்து ஊருக்குப் போவார்கள். கொஞ்சம் பேருக்கு நிறைய நாள் வேலை கிடைக்கும் ஏற்பாடு அது. தண்ணீர் தாமதமாக வந்தால் எல்லா ஊரும் ஒரே வாரத்தில் ஆள் தேடும். செய்ய வேண்டிய வேலை கூடிவிடவில்லை, அதற்குக் கிடைக்கும் நாட்கள்தான் சுருங்கிவிட்டன. நாம் ஆள் பஞ்சம் என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தச் சுருக்கம்.

ஜூன் 12 என்ற தேதி

மேட்டூர் அணை 1934ல் கட்டி முடிக்கப்பட்டது. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, அதாவது சுமார் 2,830 கோடி லிட்டர்.) பாசனத்துக்காக ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவது வழக்கம். நாற்றங்கால் எப்போது விடுவது, கடன் எப்போது வாங்குவது, மகள் கல்யாணத்தை எந்த மாதம் வைப்பது என்பதெல்லாம் இந்தத் தேதியைச் சுற்றியே அமைந்திருந்தன.

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ச்சியாக அணை ஜூன் 12ல் திறக்கப்படவில்லை. 2012ல் செப்டம்பர் 17. 2016ல் செப்டம்பர் 20. 2017ல் அக்டோபர் 2. பிறகு 2020லும் 2021லும் தேதி திரும்பி வந்தது. 2022ல் அணை ஏறக்குறைய நிரம்பி மே 24லேயே திறந்தார்கள். 2023ல் ஜூன் 12ல் திறந்தும் தண்ணீர் போதாமல் அக்டோபரிலேயே மூட வேண்டியதாயிற்று. 2024ல் ஜூலை 28 வரை திறக்க முடியவில்லை.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது தண்ணீர் குறைந்தது மட்டும் இல்லை. தண்ணீர் எப்போது வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாமல் போனதுதான் ஊரின் வாழ்க்கையை அதிகம் பாதித்தது. குறைவான தண்ணீருக்கு ஏற்ற பயிரைத் தேர்ந்தெடுக்கலாம். வருமா வராதா என்று தெரியாத தண்ணீருக்குத் திட்டம் போட முடியாது. போர் வைத்திருப்பவர் அணையைப் பார்க்காமல் குறுவை நடுவார். போர் இல்லாதவருக்கும், நிலத்தடி நீர் உப்பாகிவிட்ட கடலோரக்காரருக்கும் அந்த ஆண்டு ஒரு போகம்தான். அங்கே குறுவை போனால் குறுவை நடவு, களை, அறுவடை என்று கூலிக்காரருக்குக் கிடைக்க வேண்டிய நாட்களும் கூடவே போய்விடும்.

2016ல் இரண்டு அடியும் ஒன்றாக விழுந்தன. மேட்டூர் தாமதமாகத் திறந்தது, அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது.

தண்ணீர் போன இடத்துக்கே ஆட்களும்

காவிரிப் பிரச்சினையை இரண்டு மாநில விவசாயிகளின் சண்டையாக மட்டும் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. நடுவர் மன்றம் 1990ல் அமைந்து 2007 பிப்ரவரி 5ல் இறுதித் தீர்ப்பு தந்தது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று பிரித்தது. தமிழ்நாட்டின் பங்கில் 192 டி.எம்.சி.யை கர்நாடகம் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளந்து விட வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16ல் அதை 177.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75ல் 10 டி.எம்.சி. டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்ற காரணத்துக்காக. மீதி 4.75 பெங்களூரின் குடிநீருக்காக.

இந்த 4.75 அளவில் சிறியது. ஆனால் நடந்த மாற்றத்தின் திசையை அது தெளிவாகக் காட்டுகிறது. பெங்களூரு மாநகரப் பகுதியின் மக்கள்தொகை 2001ல் சுமார் 57 லட்சம், 2011ல் சுமார் 85 லட்சம். பத்தே ஆண்டுகளில் அந்த வளர்ச்சி. கட்டட வேலைக்கும் கணினி வேலைக்கும் அங்கே போனவர்களில் டெல்டாக்காரர்களும் உண்டு. சென்னையின் கதையும் இதேதான். 2004ல் தொடங்கிய புதிய வீராணம் திட்டம் கொள்ளிடம் வழியாக வரும் காவிரி நீரைக் குழாயில் சென்னைக்குக் கொண்டுபோகிறது. ஆக நகரம் வளர்வதற்கு வேண்டிய தண்ணீரும் ஆட்களும் ஒரே நிலத்திலிருந்து ஒரே திசையில் போயிருக்கிறார்கள். குடிநீருக்கு முன்னுரிமை என்பதில் எனக்கு மறுப்பு இல்லை, யாருக்கும் இருக்க முடியாது. கொடுத்த இடத்துக்கு என்ன ஆயிற்று என்ற கணக்கை யாரும் எடுத்து வைக்கவில்லை என்பதுதான் என் குறை.

ஊரை விட்டுக் கிளம்பியது யார்?

இடப்பெயர்ச்சி டெல்டாவுக்குப் புதிது இல்லை. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நாகப்பட்டினம் துறைமுகம் வழியாகக் கூலிகள் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்கள். கங்காணி என்பவர் தோட்டத்திலிருந்து தன் சொந்த ஊருக்கு வந்து, சொந்தபந்தங்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் முன்பணம் கொடுத்து அழைத்துப் போவார். 1938ல் இந்திய அரசு அந்த வகை ஆள் அனுப்புதலை மலாயாவுக்குத் தடை செய்தது. பிறகு சிங்கப்பூர், 1970களில் எண்ணெய் விலை ஏறியதிலிருந்து வளைகுடா. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை போன்ற ஊர்களின் வீடுகளையும் கடைத்தெருவையும் கட்டியதில் வெளிநாட்டுப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அண்மைய வெளியேற்றத்துக்குக் காரணம் ஒன்று இல்லை. நான் முக்கியமாகக் கருதுபவை இவை:

1. வேலை நாட்கள் குறைந்தன. உழவுக்கு டிராக்டர் வந்தது, அறுவடைக்கு இயந்திரம் வந்தது. கையால் செய்ய மிஞ்சியது பெரும்பாலும் நடவும் களையும்தான். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் கிடைக்கும் வேலைக்காக ஒரு குடும்பம் ஆண்டு முழுக்க ஊரில் காத்திருக்க முடியாது.

2. வெளியே வேலை கூடியது. திருப்பூர் பனியன் கம்பெனிகள், சென்னையைச் சுற்றிய தொழிற்சாலைகள், எல்லா நகரங்களிலும் கட்டட வேலை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வாரக் கூலி.

3. சாதி. இதைத் தவிர்த்துவிட்டு டெல்டாவைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. நடவும் அறுப்பும் பெரும்பாலும் நிலமில்லாத தலித் குடும்பங்களின் வேலை. அவர்களில் பலர் பண்ணையாட்களாக ஒரே மிராசுதாரிடம் (பெரிய நிலக்காரரிடம்) கட்டுண்டு கிடந்தவர்களின் வாரிசுகள். தஞ்சை மாவட்டத்துக்கென்று 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தனியாகத் தேவைப்பட்டது. 1968 டிசம்பர் 25ல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டதற்குப் பின்னால் இருந்தது கூலி உயர்வுப் போராட்டம். அந்த வரலாறு உள்ள வீட்டில் பிறந்து பள்ளிக்கூடம் போன ஒரு பையன், அதே வயலில் அதே வீட்டாரிடம் கூலிக்கு நிற்க மறுத்தால் அதைச் சோம்பல் என்று சொல்லக் கூடாது. அவனுடைய அப்பாவும் அம்மாவும் அவனைப் படிக்க வைத்ததே அதற்காகத்தான்.

4. பிள்ளைகள் குறைந்தார்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளைகள் என்பதைக் கருவள விகிதம் என்பார்கள். அது 2.1 இருந்தால் ஒரு தலைமுறை தன்னையே ஈடுசெய்துகொள்ளும். தமிழ்நாட்டில் 2005-06 தேசிய குடும்பநல ஆய்விலேயே அது 1.8. வயலுக்கு வரக்கூடிய இளம் வயதினரின் எண்ணிக்கையே சுருங்கிவிட்டது.

நூறு நாள் வேலையின் பங்கு எவ்வளவு?

ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005ல் நிறைவேறியது. 2006ல் முதல் கட்டத்திலேயே நாகப்பட்டினம் மாவட்டம் சேர்ந்தது, அடுத்த கட்டத்தில் தஞ்சாவூரும் திருவாரூரும் வந்தன. இந்தத் திட்டம் கூலியைப் பாதித்ததா? பாதித்தது. வயல் வேலைக்குப் பேரம் பேசும்போது கீழே விழாமல் தாங்கும் ஒரு தரை கிடைத்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே கூலி என்பதால் பெண்களுக்கு அது கூடுதலாக உதவியது.

ஆனால் ஆள் பற்றாக்குறைக்கு அதையே மூலக் காரணமாகக் காட்டும் வாதம் கணக்கில் நிற்காது. திட்டத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வயதைத் தாண்டிய பெண்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் கிளம்பிப்போன இளைஞர்கள் அந்த வேலைக்கு வரவே இல்லை. அப்புறம், அந்த 2005 சட்டப்படி ஆண்டில் 100 நாள்தான். மிச்சம் 265 நாட்களில் வயலில் வேலை இருந்திருந்தால் அந்தப் பெண்கள் போயிருப்பார்கள், பல ஊர்களில் இன்றும் போகிறார்கள். நடவு வாரத்தில் திட்ட வேலையை நிறுத்தி வையுங்கள் என்று விவசாயிகள் கேட்பதில் நியாயம் இருக்கலாம். அது நாட்களை ஒழுங்குபடுத்தும் கேள்வி, ஆட்கள் ஏன் இல்லை என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

வங்கத்திலிருந்து ஏன்?

வடக்கே பிள்ளைகள் அதிகம், அதனால் ஆட்கள் இங்கே வருகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். பீகாருக்கு அது ஓரளவு பொருந்தும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் அதன் கருவள விகிதம் 3.0. மேற்கு வங்கத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. அதே ஆய்வில் அங்கே 1.6, தமிழ்நாட்டின் 1.8ஐ விடக் குறைவு.

மேற்கு வங்கத்தின் நெருக்கடி நிலத்தில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் அங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,028 பேர், தமிழ்நாட்டில் 555 பேர். 1978ல் தொடங்கிய குத்தகையாளர் பதிவு இயக்கம் பலருக்குப் பயிர் செய்யும் உரிமையை உறுதி செய்தது. ஆனாலும் தலைமுறை தாண்டியபோது ஒரு குடும்பத்தைத் தாங்க முடியாத அளவுக்குத் துண்டுகள் சிறியதாகிவிட்டன. தெற்கே சுந்தரவனப் பகுதியில் 2009 மே மாதம் வந்த ஐலா புயல் கரைகளை உடைத்துக் கடல் நீரை வயலுக்குள் கொண்டுவந்தது. உப்பு ஏறிய மண்ணில் உடனே நெல் விளையாது. ஆண்கள் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ரயில் ஏறினார்கள். 2020 மே மாதம் அம்பன் புயல் அதே பகுதியை மறுபடி அடித்தது.

இதோடு ஒரு பொருத்தமும் சேர்ந்துகொண்டது. வங்கத்தின் முக்கிய நெல் பருவமான ஆமன் பயிருக்கு நடவு ஜூலை, ஆகஸ்டில் முடிந்துவிடும். அறுவடை நவம்பர், டிசம்பரில். இடையில் செப்டம்பரும் அக்டோபரும் அங்கே வேலை மந்தமான மாதங்கள். டெல்டாவில் சம்பா நடவு உச்சத்தில் இருப்பது அப்போதுதான். கோடைப் பயிரான போரோ ஏப்ரல், மே மாதங்களில் அறுவடையாகிவிடும், அதை அடுத்து இங்கே குறுவை நடவு. சிறு வயதிலிருந்தே நாற்றுப் பிடித்துப் பழகிய கைகள், ஊரில் வேலை இல்லாத நாட்களில், வேலை நெருக்கும் இடத்துக்கு வந்து சேர்கின்றன. கைபேசியில் பேசி, ஊர்க்காரர்களைச் சேர்த்து, முன்பணம் கொடுத்து அழைத்து வரும் குழுத் தலைவரின் வேலையும் அன்றைய கங்காணியின் வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கடைமடையில் கடலும் சேர்ந்துகொள்கிறது

அணைகள் தண்ணீரை மட்டும் தடுப்பதில்லை, வண்டலையும் தடுக்கின்றன. வண்டல் வந்து சேராத டெல்டா மெல்லத் தாழும், கடல் உள்ளே வரும். ஆற்று நீர் குறையும்போது நிலத்தடியில் உப்பு நீர் முன்னேறும். 1990களின் தொடக்கத்தில் கடலோரத்தில் பெருகிய இறால் பண்ணைகள் உப்பை மேலும் பரப்பின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996 டிசம்பரில் கட்டுப்பாடுகள் வந்தன.

2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். 2018 நவம்பர் 16ல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. நெல் போனால் அடுத்த பட்டத்தில் மீட்கலாம். தென்னை போனால் புதிய கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். அந்த ஆண்டுகளைக் கடக்க ஒரு குடும்பத்தில் யாராவது வெளியூர் போய்த்தான் ஆக வேண்டும். அப்படிப் போனவர் மரம் காய்க்கத் தொடங்கியதும் திரும்பி வந்துவிடுவார் என்று சொல்ல முடியாது.

கடைமடையில் பலர் நடவையே விட்டுவிட்டு நேரடி விதைப்புக்கு மாறியிருக்கிறார்கள். நாற்றங்கால் வேண்டாம், நடவு ஆள் வேண்டாம். பதிலுக்கு இளம் பயிர் மழையில் மூழ்கி அழுகும் ஆபத்தை ஏற்க வேண்டும்.

இதனால் யாருக்கு என்ன?

1. சாகுபடி செய்பவருக்கு, குறிப்பாகப் போர் இல்லாதவருக்கு, வெளிமாநிலக் குழு இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் நாற்று முற்றிப்போகும். அவர்கள் வரவைத் தேவையற்றது என்று யாரும் சொல்ல முடியாது.

2. குத்தகைதாரர் இன்னும் இறுக்கமான இடத்தில் இருக்கிறார். நிலத்தின் சொந்தக்காரர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார், அல்லது நிலம் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கும். வெள்ளமோ வறட்சியோ அடித்தால் நட்டம் பயிர் வைத்தவருக்கு. பயிர்க் கடனுக்கும் காப்பீட்டுக்கும் கேட்கும் நில ஆவணங்களான சிட்டாவும் அடங்கலும் பலநேரம் அவர் பெயரில் இருப்பதில்லை. குத்தகையைப் பதிவு செய்ய 1969லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. வாய்வார்த்தைக் குத்தகைகள் அதற்குள் வரவில்லை.

3. வந்த தொழிலாளர்கள் சட்டத்தின் கண்ணில் மங்கலாகத் தெரிகிறார்கள். 1979ல் வந்து 2025 வரை நடைமுறையில் இருந்த மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் நிறுவனத்தையும் ஒப்பந்ததாரரையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. வயலுக்கு வயல் நகரும் நடவுக் குழுவில் அந்த இரண்டையும் அடையாளம் காண்பது கடினம். பாம்பு கடித்தாலோ மின்னல் தாக்கினாலோ யார் பொறுப்பு என்பது தெளிவில்லை. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது பலர் பயந்து ரயில் ஏறினார்கள். தொழிலாளர்கள் பற்றிய சரியான பதிவு கிராமம் கிராமமாக இருந்திருந்தால் அந்தப் பயத்தை உடனே தணித்திருக்கலாம்.

4. அதிகம் பேசப்படாதவர்கள் உள்ளூர் நடவுப் பெண்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம், விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம். வெளியே போகக்கூடிய வயதில் இருந்தவர்கள் போன பிறகு ஊரில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். தண்ணீர் நேரத்துக்கு வந்து நடவு மெதுவாக நகரும் ஆண்டில் அவர்களுக்கு வேலை உண்டு. தாமதமாகி எல்லா வயலும் ஒரே வாரத்தில் நடப்படும் ஆண்டில் வேகமான ஆண்கள் குழு முந்திக்கொள்ளும். இந்தப் பெண்களுடைய கூலி நாட்களை முடிவு செய்வது வங்கத்து ஆளின் வருகையை விட மேட்டூரின் தேதிதான்.

2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கும் அந்தச் சட்டம், நெடுவாசல் போன்ற ஊர்களின் போராட்டத்துக்குப் பிறகு கிடைத்த உண்மையான வெற்றி. அது நிலத்தைக் காக்கிறது. அந்த நிலத்தில் கூலி வேலை செய்பவருக்கு ஆண்டில் எத்தனை நாள் வேலை என்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை. தண்ணீர் பொய்க்கும் ஆண்டில் பயிர் நிவாரணம் ஏக்கர் கணக்கில், சாகுபடியாளர் பெயரில் போகிறது. நடப்படாமல் போன வயலில் நடவுக் கூலியை இழந்த பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் வருவதில்லை. மேட்டூர் திறப்பு தள்ளிப்போகும் ஒவ்வொரு ஆண்டும் பயிர்ப் பரப்பைக் கணக்கெடுப்பது போலவே, இழந்த கூலி நாட்களையும் ஊர்வாரியாகக் கணக்கெடுத்து நிவாரணத்தில் சேர்க்க முடியும். ஊராட்சிகளில் நூறு நாள் வேலைக்காக வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலே அதற்குப் போதும்.